மெத்தைக்கு அடியில் ஒரு பீசோ படலம்

அப்பாவுக்குத் தூங்கும்போது கையில் எதையும் கட்டிக்கொள்ளப் பிடிக்காது. உடம்புக்கு முடியாமல் போய்த் தேறி வந்த பிறகு, இரவில் அவருடைய மூச்சு சீராகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கைப்பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அவர்மேல் எதுவும் படாமல், மெத்தைக்கு அடியிலிருந்தே மூச்சைக் கேட்க வழி உண்டா என்று தேடியபோதுதான் பீசோ பாலிமர் படலம் கண்ணில் பட்டது. இழுத்தாலோ அழுத்தினாலோ மின்னூட்டம் தரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது. ஐந்து வாரம் ஆனது. மூன்று துண்டுகள் வீணாயின, சர்க்யூட்டை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் மூச்சு மட்டுமல்ல, இதயத் துடிப்பும் தெரிந்தது. இதே படலத்தை முதல்முறை கையில் எடுப்பவருக்கு அந்த ஐந்து வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இது மருத்துவக் கருவி அல்ல. மூச்சில் சிக்கல் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நான் செய்தது ஆர்வத்துக்கும் என் மன நிம்மதிக்கும்.

படலம் எப்படி வேலை செய்கிறது

கையில் எடுத்தால் பரிசுப்பொருளைச் சுற்றும் வெள்ளித்தாள் மாதிரி இருக்கும். நான் வாங்கியது 28 மைக்ரோமீட்டர் தடிமன், தலைமுடியில் பாதிகூட இல்லை. இரண்டு முகத்திலும் வெள்ளி மை பூசியிருக்கிறது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு, சுருக்கமாக பிவிடிஎஃப்.

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குவார்ட்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் பிளாஸ்டிக் ஒன்று இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்பது 1969ல்தான் தெரிந்தது. ஜப்பானில் ஹெய்ஜி கவாய், இழுத்து நீட்டிய பிவிடிஎஃப் படலத்தில் இந்த விளைவு மிக வலுவாக இருப்பதைக் காட்டினார்.

ஏன் இழுத்து நீட்ட வேண்டும்? இந்தப் பாலிமரின் கார்பன் சங்கிலியில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்ததில் இரண்டு ஃப்ளூரின் என்று மாறி மாறி இருக்கும். ஃப்ளூரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். எனவே ஒவ்வொரு இணையும் ஒரு முனை நேர், ஒரு முனை எதிர் என்று இருக்கும் சின்ன இருமுனை. உருக்கி ஆறவைத்தால் சங்கிலி முறுக்கிக்கொண்டு உறையும். அப்போது ஒன்றின் இழுப்பை இன்னொன்று அடித்துவிடும், மொத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. படலத்தைப் பல மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சங்கிலி நிமிர்ந்து, ஃப்ளூரின் எல்லாம் ஒரே பக்கம் வந்து நிற்கும். இதற்கு பீட்டா நிலை என்று பெயர். அப்போதும் படிகங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆயிரம் வோல்டுக்கு மேல் கொடுத்து அவற்றை ஒரே திசைக்குத் திருப்புகிறார்கள். திருப்பிய பிறகு அவை அப்படியே நின்றுவிடுகின்றன.

இப்படித் தயாரான படலத்தை இழுத்தாலோ அழுத்தினாலோ அதன் பரிமாணம் ஒரு துளி மாறும். உள்ளே வரிசையாக நிற்கும் இருமுனைகளின் நெருக்கமும் மாறும். அந்த மாற்றத்துக்கு ஈடாக இரண்டு முகங்களிலும் மின்னூட்டம் தோன்றும். உள்ளே பேட்டரி கிடையாது, வெளியிலிருந்தும் மின்சாரம் தர வேண்டாம்.

விசைக்கு இவ்வளவு மின்னூட்டம் என்ற கணக்கில் இது பெரிய ஆள் இல்லை. பீசோ பஸ்ஸருக்குள் இருக்கும் பீங்கான் வட்டு ஒரு நியூட்டனுக்கு 300 பிக்கோகூலூமுக்கு மேல் தரும். படலம் அதே வகையில் 33தான் தரும். ஆனால் பீங்கான் வளைத்தால் உடையும். படலம் எதன்மேல் ஒட்டினாலும் அதோடு சேர்ந்து வளையும். ஒலியைக் கடத்துவதிலும் தண்ணீருக்கும் நம் உடம்புக்கும் பீங்கானைவிட இது மிக நெருக்கம். மருத்துவ ஸ்கேன் கருவிகளின் அல்ட்ராசவுண்ட் அலையைத் தண்ணீருக்குள் வைத்து அளக்கும் ஹைட்ரோஃபோன்களை இந்தப் படலத்தில் செய்வதற்குக் காரணம் அதுதான். அலைக்கு அப்படியொன்று குறுக்கே இருப்பதே அவ்வளவாகத் தெரியாது.

வீணான முதல் இரண்டு துண்டுகள்

முதல் துண்டை சால்டரிங் அயர்ன் கொன்றது. வெள்ளிப் பூச்சு உலோகம்தானே, வயரைத் தொட்டுவைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நுனி பட்ட மாத்திரத்தில் படலம் சுருங்கிச் சுருண்டு ஓட்டை விழுந்தது. பிவிடிஎஃப் ஏறத்தாழ 170 டிகிரியில் உருகும். சால்டரிங் நுனி 300ஐத் தாண்டி இருக்கும். அதைவிட முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது: 80 டிகிரிக்கு மேல் சூடானாலே வரிசையாக நின்ற இருமுனைகள் கலையத் தொடங்கும். பார்க்க நன்றாகவே இருக்கும், உணர்வு மட்டும் போயிருக்கும். அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போடும் சூட்டு லேமினேஷன் எந்திரத்தில் இதை நுழைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த எண்ணம் வந்து, நல்லவேளையாகத் தரவுத் தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

வயரை இணைக்கக் கடத்தும் பசையுள்ள தாமிர டேப் போதும். வயரை முதலில் டேப்பில் தனியாகப் பற்றவைத்து, ஆறிய பிறகு டேப்பைப் படலத்தில் ஒட்டி, மேலே சாதாரண டேப்பால் அழுத்திக் கட்ட வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் வெள்ளி எபாக்ஸி இன்னும் நல்லது, ஆனால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது துண்டைக் கத்தரிக்கோல் கெடுத்தது. வெட்டி முடித்து மல்டிமீட்டரை வைத்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே சில நூறு ஓம் காட்டியது. கத்தரிக்கோல் வெட்டும்போது ஒரு பக்கத்து வெள்ளியை ஓரத்தோடு இழுத்து மறுபக்கத்தில் பூசிவிடுகிறது. 28 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு அந்த இழுப்பு போதும். கண்ணாடியின்மேல் வைத்து, புது பிளேடால், ஒரே இழுப்பில் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

வெட்டிய துண்டு நல்லதா என்று தெரிந்துகொள்ள மல்டிமீட்டரின் கெப்பாசிட்டர் அளவீடு இருக்கிறது. இரண்டு உலோக முகம், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் என்றால் அது கெப்பாசிட்டர்தானே. இந்தத் தடிமனில் சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 380 பிக்கோஃபாரட் வர வேண்டும். என் துண்டு 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். அதாவது 20 சதுர செ.மீ., 7.6 நானோஃபாரட். மீட்டர் 7.4 காட்டியது. சரி, துண்டு நல்லது. இந்த ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வீணான துண்டுகளோடு ஒரு விளையாட்டும் நடந்தது. ஓரத்தை ஒதுக்கி வெட்டிய சின்னத் துண்டுக்குச் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, லேசாக வளைத்துக் காதருகே பிடித்தேன். மெல்லிய கீச்சொலி கேட்டது. மின்சாரம் கொடுத்தால் படலம் நீண்டு சுருங்குகிறது, வளைவு அதைக் காற்றுக்குத் தள்ளுகிறது. 1970களில் பயோனியர் நிறுவனம் இப்படிப்பட்ட படலத்தை வைத்தே உயர்சுருதி ஸ்பீக்கர் செய்து விற்றது. கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் இல்லை என்று மனசுக்கு முழுதாகப் பட்டது அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான்.

ஓட்டைக் குடம்

அடுத்தது ஆசிலோஸ்கோப், வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. விரலால் சுண்டினால் திரையில் பல வோல்ட் உயரத்துக்கு ஊசி மாதிரி எழுந்தது. எவ்வளவு உணர்வு என்று சந்தோஷப்பட்டு, படலத்தின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தேன். ஒரு துள்ளல், உடனே பூஜ்யம். புத்தகம் அங்கேயேதான் இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. எடுத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல், மறுபடி பூஜ்யம்.

படலத்தில் எடை தெரியாது. எடை மாறியதுதான் தெரியும். புத்தகம் வைத்தபோது தோன்றிய மின்னூட்டம் ஸ்கோப்பின் உள்ளீட்டில் இருக்கும் 1 மெகாஓம் மின்தடை வழியாக வடிந்துவிட்டது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல: சட்டென்று ஊற்றினால் மட்டம் ஏறி இறங்கும், சொட்டுச் சொட்டாக ஊற்றினால் ஏறவே ஏறாது. குடத்தின் அளவு படலத்தின் கெப்பாசிட்டன்ஸ், ஓட்டையின் அளவு எதிரே இருக்கும் மின்தடை. 7.6 நானோஃபாரட்டை 1 மெகாஓமால் பெருக்கினால் 7.6 மில்லிவினாடி. அதற்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். அதிர்வெண் கணக்கில் சொன்னால் 21 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் மங்கிப்போகும். மூச்சு நான்கு வினாடிக்கு ஒருமுறை வருவது, கால் ஹெர்ட்ஸ். இந்த அமைப்பில் மூச்சு தெரிய வாய்ப்பே இல்லை.

சாலையில் இதுவே வசதி. தார்ச்சாலையில் குறுக்கே பதிக்கும் பீசோ பாலிமர் பட்டைகள் வண்டியின் அச்சு ஒவ்வொன்றும் ஏறி இறங்கும்போது ஒரு துள்ளல் தரும். நின்றுவிட்ட எடையைப் பற்றிக் கவலைப்படாமல் அச்சுகளை எண்ணிக்கொண்டே போகலாம். எனக்கு அது போதாது. ஓட்டையைச் சின்னதாக்க வேண்டும்.

100 மெகாஓம் வைத்தால் எல்லை 0.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 100 மெகாஓம் ரெசிஸ்டர் கைவசம் இல்லாததால் 10 மெகாஓம் பத்தை வரிசையாகப் பற்றவைத்தேன். பின்னால் ஒரு பஃபராக, அதாவது படலத்தின் வோல்டேஜை வடியவிடாமல் அப்படியே அடுத்த கட்டத்துக்குக் கடத்த, டப்பாவில் இருந்த எல்எம்358 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்). மின்சாரம் கொடுத்ததும் வெளியீடு உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டது. படலத்தைக் கழற்றினாலும் அங்கேயேதான். இரண்டு மாலை நேரம் வயரிங்கில் தப்பு தேடினேன். வயரிங்கில் தப்பே இல்லை. எல்எம்358ன் உள்ளீட்டுக் கால்களில் எப்போதும் சில பத்து நானோ ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண சர்க்யூட்டில் அது கணக்கிலேயே வராது. 100 மெகாஓமில் 20 நானோ ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட். சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் இருக்கட்டும் என்று அதன் நடுப்புள்ளியை 2.5 வோல்ட்டில் வைத்திருந்தேன், அதன்மேல் 2 வோல்ட் ஏறினால் வெளியீடு எங்கே போகும்?

எம்சிபி6002க்கு மாறினேன். அது சீமாஸ் வகை, உள்ளீட்டு மின்னோட்டம் 1 பிக்கோ ஆம்பியர் அளவு. அதே 100 மெகாஓமில் அது 0.1 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகாது. இந்த மாற்றத்தோடு பஃபரையும் விட்டுவிட்டு மின்னூட்டப் பெருக்கியாக மாற்றி அமைத்தேன். அதுதான் சரியான வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து தலைகீழ் உள்ளீட்டுக்கு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அதற்கு இணையாக 100 மெகாஓம். படலம் தரும் மின்னூட்டம் முழுவதையும் ஆப்-ஆம்ப் அந்த 10 நானோஃபாரட்டுக்கு நகர்த்திவிடுகிறது. படலத்தின் இரு முகங்களுக்கும் நடுவே வோல்டேஜ் எழவே விடுவதில்லை. வோல்டேஜ் இல்லாத இடத்தில் வடிவதற்கும் ஒன்றுமில்லை. கேபிள் நீளமா குட்டையா, படலம் பெரிதா சிறிதா என்பதெல்லாம் பெருக்கத்தை மாற்றாது. கீழ் எல்லை 0.16 ஹெர்ட்ஸ். எம்சிபி6002ல் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் மற்றொன்று 2.5 வோல்ட் நடுப்புள்ளியைத் தாங்கிப் பிடிக்கிறது. படலத்தின் மறுமுகம் அந்த நடுப்புள்ளியோடு இணைகிறது. யாராவது படுக்கையில் தொப்பென்று உட்கார்ந்தால் படலம் பல பத்து வோல்ட் தள்ளக்கூடும், அதற்காக உள்ளீட்டில் ஒரு 10 கிலோஓம்.

அப்புறம் சுத்தம். 100 மெகாஓம் புழங்கும் இடத்தில் விரல்ரேகையும் சால்டர் பிசினும்கூட ரெசிஸ்டர்தான். மழை நாளில் பூஜ்யக்கோடு தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பிரஷ் போட்டுக் கழுவினேன். உள்ளீட்டுக் காலை போர்டில் படாமல் மேலே மடக்கி, வயரை அந்தரத்திலேயே இணைத்தேன். நகர்வு நின்றது.

எந்தத் திசையில் இழுபடுகிறது

சர்க்யூட் தயார். படலத்தை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே தட்டையாக வைத்து நானே படுத்தேன். புரண்டால் தெரிந்தது. மூச்சு, உற்றுப் பார்த்தால் இருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் நான் புரிந்துகொள்ளாத ஒரு விஷயம் இருந்தது. மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த கணக்கும் இதுதான். படலத்தை மேலிருந்து 1 நியூட்டன் விசையால் அழுத்தினால் கிடைப்பது 33 பிக்கோகூலூம். அதே 1 நியூட்டனால் நீளவாக்கில் இழுத்தால்? அந்த விசை முழுவதும் 2 செ.மீ. அகலம், 28 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்ட இம்மியளவு குறுக்குவெட்டில் இறங்குகிறது. அங்கே தகைவு, அதாவது பரப்புக்கு இவ்வளவு விசை என்ற கணக்கு, ஏறத்தாழ 18 லட்சம் பாஸ்கல். அந்தத் தகைவு படலத்தின் 20 சதுர செ.மீ. முழுவதிலும் மின்னூட்டத்தை எழுப்புகிறது. கணக்குப் போட்டால் 82 நானோகூலூம். அழுத்தியதைவிட சுமார் 2500 மடங்கு! இந்தப் படலத்தை அழுத்திப் பார்க்கும் பொருளாக நினைத்ததுதான் என் தவறு. இதை இழுக்க வேண்டும்.

இழுப்பதிலும் திசை உண்டு. தொழிற்சாலையில் எந்தத் திசையில் நீட்டினார்களோ அந்தத் திசையில் இழுத்தால்தான் இந்தப் பலன். குறுக்கே இழுத்தால் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். இது தெரியாமல் குறுக்காக வெட்டியதுதான் வீணான மூன்றாவது துண்டு. தாளில் அம்புக்குறி இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கிழித்துப் பாருங்கள். நீட்டிய திசையில் நார் உரிவது போல நேராகக் கிழியும், குறுக்கே கிழிய மறுக்கும்.

எனவே மெத்தைக்குக் கீழே ஒரு குட்டிப் பாலம் கட்டினேன். இரண்டு மரச்சட்டங்கள் 12 செ.மீ. இடைவெளியில். அவற்றின்மேல் கால் மில்லிமீட்டர் பாலியெஸ்டர் தகடு, இரு முனையும் திருகால் இறுக்கியது. தகட்டின் அடிமுகத்தில் இருபக்கப் பசை டேப்பால் ஒட்டிய படலம். மேலே எடை வந்தால் தகடு தொய்யும், தொய்ந்தால் படலம் நீளும். தகட்டில் ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படலம் தனியாக வளைந்தால் அதன் ஒரு பாதி நீளும், மறுபாதி சுருங்கும், இரண்டும் கழிந்துவிடும். தகட்டோடு சேர்த்து வளைக்கும்போது படலம் முழுவதும் நீளும் பக்கத்தில் நிற்கும். தகடு அளவுக்கு மேல் தொய்யாமலிருக்க அடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பஞ்சுத் துண்டு வைத்தேன்.

படுத்தேன். திரையில் மூச்சு, ஏறி இறங்கும் பெரிய அலையாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் ஓடியது. மூச்சை அடக்கினேன், கோடு தட்டையானது. முழுத் தட்டை இல்லை. அதன்மேல் சின்னச் சின்ன நடுக்கங்கள் வினாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக வந்துகொண்டிருந்தன. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடியோடு சேர்ந்தே வந்தன.

அதற்குப் பெயர் பாலிஸ்டோகார்டியோகிராம். இதயம் ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு எதிர்த்திசையில் இம்மியளவு உதைபடுகிறது. 1877ல் கோர்டன் என்பவர் இதைக் கவனித்து எழுதினார். 1939ல் ஐசக் ஸ்டார் ஆளைப் படுக்கவைக்கும் மேசை ஒன்றைத் தொங்கவிட்டு முறையாக அளந்தார். அவருக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. எனக்கு முன்னால் அதே உதை ஒரு பிளாஸ்டிக் துண்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இரைச்சலும் சூடும்

படுக்கையறை விளக்கைப் போட்டதும் எல்லாம் போயிற்று. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் திரையை நிரப்பியது. திறந்த வெள்ளி முகம் ஒரு ஆன்டெனா, சுவருக்குள் ஓடும் வயர்களை அப்படியே கேட்கிறது. பின்னால் ஃபில்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் முதல் கட்ட ஆப்-ஆம்பே இரைச்சலில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு அழகான தீர்வு படலத்தை மடிப்பது. 4 செ.மீ. அகலத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து 2 செ.மீ. ஆக்கினேன். சிக்னல் முகம் இரண்டு பக்கமும் உள்ளே போய்விடுகிறது, வெளியே முழுவதும் நடுப்புள்ளியோடு இணைந்த முகம். அதுவே கவசம். இழுத்தால் இரண்டு அடுக்கின் மின்னூட்டமும் கூடும். இந்த மடித்த துண்டின் அளவு 15 நானோஃபாரட். இரைச்சல் ஏறத்தாழ மறைந்தது.

கேபிளும் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. கவசக் கேபிளை ஆட்டினாலே அதற்குள் உராய்வால் மின்னூட்டம் தோன்றி, மூச்சைப் போலவே ஒரு அலை வருகிறது. பெருக்கிப் போர்டைப் படலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிலின் அடியில் திருகிவிட்டு, இருந்த அரை அடி கேபிளையும் டேப் போட்டு அசையாமல் ஒட்டினேன்.

சூட்டை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தப் படலத்துக்கு வெப்பமும் தெரியும். இருமுனைகள் வரிசையாக இருப்பதால் வெப்பநிலை மாறினாலும் மின்னூட்டம் வரும், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 30 மைக்ரோகூலூம் அளவில். என் 40 சதுர செ.மீ.க்கு ஒரு டிகிரி மாற்றம் என்றால் 120 நானோகூலூம், 10 நானோஃபாரட்டில் அது 12 வோல்ட். படலத்தின் அருகே வாயை வைத்து ஊதினாலே வெளியீடு உச்சத்தில் முட்டுகிறது. அகச்சிவப்பை உணரும் கருவிகளில் இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள். என் விஷயத்தில் மெத்தை காப்பாற்றியது. உடம்புச் சூடு மெத்தையைக் கடந்து வர நிமிடக்கணக்கில் ஆகிறது, 0.16 ஹெர்ட்ஸ் எல்லை அவ்வளவு மெதுவான மாற்றத்தை வடித்துவிடுகிறது. உடம்புக்கு நேராக ஒட்டும் வேலை என்றால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

மீதி வேலை சாதாரணமானது. 10 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் கொண்ட ஃபில்டர், அப்புறம் மைக்ரோகண்ட்ரோலரில் வினாடிக்கு 100 மாதிரிகள். கணினியில் இரண்டாகப் பிரிக்கிறேன்: 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சு, 1 முதல் 10 வரை துடிப்பு. எட்டு மணி நேரத் தூக்கம் 28 லட்சத்து 80 ஆயிரம் எண்களாகச் சேர்கிறது. முழுநிமிடம் விரல் வைத்து நாடியை எண்ணிப் பல முறை ஒப்பிட்டேன். அசையாமல் படுத்திருந்தால் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. புரண்டால் சில வினாடிகளுக்கு எல்லாம் கலங்கி, பெருக்கி தெளியும்வரை ஒன்றும் தெரியாது. அறையில் யாராவது நடந்தாலும் அது பதிவாகும்.

வீணான துண்டில் விழுந்த ஓட்டையை வைத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2006ல் புளூட்டோவுக்குக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் முன்பக்கத்தில் பிவிடிஎஃப் படலங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. விண்தூசி ஒன்று அதிவேகத்தில் மோதிப் படலத்தைக் குடையும்போது, அந்த இடத்து இருமுனைகள் அழிந்து ஒரு மின்துடிப்பு வரும். அதை வைத்துத் தூசியை எண்ணுகிறார்கள். கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த கருவி அது. 1930ல் புளூட்டோவுக்கு அந்தப் பெயரைச் சொன்ன 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரே பொருள் அங்கே தூசியைக் கேட்கிறது, இங்கே அப்பாவின் மூச்சைக் கேட்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

மூன்று வாரம் கழித்து

அப்பாவிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் அவருடைய மெத்தைக்கு அடியில் வைத்தேன். முதல் இரவின் வரைபடத்தைக் காலையில் காட்டினேன். விடிகாலையில் வரிசையாக இருந்த நான்கு கூர்முனைகளைத் தொட்டு, "இது நான் இருமினதா?" என்று கேட்டார். அதேதான். நிமிடத்துக்குப் பதினான்கு பதினைந்து மூச்சு, சீராக. அன்று நானும் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் அலைகளின் உயரம் திடீரென்று குறைந்தது. இரைச்சல் கூடவில்லை, வடிவமும் மாறவில்லை, எல்லாம் பாதி உயரத்தில் வந்தன. கழற்றி கெப்பாசிட்டன்ஸை அளந்தேன். 15 நானோஃபாரட் இருந்த இடத்தில் 7.5. சரியாகப் பாதி என்றதும் பிரித்துப் பார்க்காமலேயே இடம் தெரிந்துவிட்டது. மடிப்பின் உட்பக்கத்தில் வெள்ளி மை நீளவாக்கில் விரிசல் விட்டு, ஒரு அடுக்கு மொத்தமாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது. வெளிமுகம் உடைந்திருந்தால் கவசம் போய் இரைச்சல் வந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நான் நினைத்தபடியே உட்பக்கத்தில்தான் விரிசல் இருந்தது. நான் மடிப்பை நகத்தால் தேய்த்துக் கூர்மையாக்கியிருந்தேன்.

புதிய துண்டில் மடிப்பை ஒரு வயரின்மேல் சுற்றி வட்டமாக விட்டிருக்கிறேன். உள்முகங்கள் இரண்டும் மின்சாரத்தில் ஒரே புள்ளிதான் என்பதால், நடுவில் வெறும் பசை டேப்புக்குப் பதிலாக இரு பக்கமும் கடத்தும் பசையுள்ள தாமிர டேப்பில் ஒரு சின்னத் துண்டையும் சேர்த்துவிட்டேன். மடிப்பு விட்டாலும் இரண்டு அடுக்கும் அதன் வழியாகச் சேர்ந்தே இருக்கும். நேற்று அளந்தபோது 15.1.